அலையேற முதல் பலகை: முத்துக்குளித்துறைக் கரையின் சந்தேகங்களும் விளக்கங்களும்

நின்றுகொண்டு துடுப்புப் போடும் 'ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு' தூத்துக்குடிக் கரையில் இப்போது அதிசயப் பொருளல்ல. நீர் விளையாட்டுப் பயிற்சி தருபவர்கள் இங்கே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துப் பிரப்பன்வலசையில் தேசிய அளவிலான போட்டிகளே நடந்திருக்கின்றன. அமைதியான தண்ணீரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, அதே பலகையில் அலை ஏறுவது. அங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது. வெளிநாட்டுக் கடலுக்காகச் சொல்லப்பட்ட யோசனைகளை நம்பி வாங்கிய பலகை நம் கடலுக்குப் பொருந்தாமல் மொட்டை மாடியில் கிடக்கிறது.

தூத்துக்குடி மாவட்டக் கடலுக்கு இரண்டு முகம். வடக்கே அமைதி, தெற்கே அலை. இரண்டுக்கும் ஈடுகொடுப்பதே இங்கே வாங்க வேண்டிய முதல் பலகை. வழக்கமாக எழும் சந்தேகங்களுக்கு விளக்கம் வருமாறு:

தூத்துக்குடி நகரத்து முத்துநகர் கடற்கரையில் அலை என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. இங்கே இருந்துகொண்டு அலைக்கான பலகை வாங்குவது வீண்செலவு இல்லையா?

நகரத்தை ஒட்டிய கடல் அமைதியாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. வங்கக் கடலிலிருந்து வரும் அலைகளை இலங்கையும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மறித்துவிடுகின்றன. தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் மிச்ச வேகத்தையும் குறைக்கின்றன. இவை போதாதென்று வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் இரு அலைத்தடுப்புச் சுவர்களும் தலா 4 கி.மீ. அளவுக்குக் கடலுக்குள் நீண்டிருக்கின்றன.

ஆனால் மன்னார் வளைகுடாவின் வாய் தெற்கே திறந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் அந்த வாய் வழியே உள்ளே வருகின்றன. திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு, பெரியதாழை எனத் தெற்கே போகப் போகக் கடல் ஓங்கி அடிப்பதைப் பார்க்கலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலுள்ள மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்று கடலுக்குள் மூக்கு நீட்டியிருக்கிறது. தெற்கேயிருந்து வரும் அலை அந்த முனையில் பட்டு, வளைந்து, வேகம் தணிந்து வடபுறத்து விரிகுடாவுக்குள் வருகிறது. ஒரேயடியாக மடங்கி விழாமல் ஓரத்திலிருந்து படிப்படியாக உடையும் இத்தகைய அலைதான் பலகையில் ஏறக் கற்றுக்கொள்ள ஏற்றது. ஆகவே வீண்செலவு இல்லை. முத்துநகரில் நிற்கப் பழகுங்கள்; மணப்பாட்டில் அலை ஏறப் பழகுங்கள்.

எல்லாப் பேடில் போர்டும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது? அலைக்கென்று தனியாக ஏன்?

நான்கு வகை உண்டு. பந்தயப் பலகை 14 அடி வரை நீண்டு, ஒடுங்கிய உடலும் கூர்மூக்குமாக இருக்கும். பயணப் பலகை அதைவிடச் சற்று அகலம். நெடுந்தூரம் நேராகப் போவதற்கானது. மூன்றாவது, 'ஆல்ரவுண்டு' எனப்படும் பொதுப் பலகை. 10 முதல் 11 அடி நீளம், 30 அங்குலத்துக்கு மேல் அகலம், வட்ட மூக்கு. நான்காவது, அலைப் பலகை. 7 முதல் 9 அடிவாக்கில் குட்டையாக, மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்து, விளிம்பு மெலிந்து இருக்கும்.

மூக்கின் வளைவுதான் முதலில் பார்க்க வேண்டியது. அலையின் முகத்திலிருந்து பலகை கீழிறங்கும்போது மூக்கு தட்டையாக இருந்தால் தண்ணீரில் குத்திக்கொள்ளும். பலகை அங்கேயே நின்றுவிடும், ஆள் முன்னால் பறப்பார். வளைவு இருந்தால் மூக்கு தண்ணீருக்கு மேலேயே நிற்கும். ஆனால் வளைவு கூடினால் அமைதியான தண்ணீரில் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மந்தமாகப் போகும். அடுத்தது விளிம்பு. அலையில் சரிந்து திரும்பும்போது மெல்லிய விளிம்பு தண்ணீரில் பதிந்து பிடித்துக்கொள்ளும். தடித்த விளிம்பு வழுக்கிவிடும்.

நம் கரைக்கு ஏற்றது மூன்றாவது வகைக்கும் நான்காவது வகைக்கும் நடுவில் நிற்கும் பலகை. பொதுப் பலகையின் நீளமும் அகலமும் இருக்க வேண்டும்; கூடவே மூக்கில் நல்ல வளைவும், வால் பக்கம் மெலிந்த விளிம்பும் இருக்க வேண்டும். வாங்குமுன் பலகையைத் தரையில் கிடத்தி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கு தரையைவிட்டு எழும்பி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே மட்டமாகத் தெரிந்தால் அது ஏரிக்கானது.

என் எடை 70 கிலோ. எத்தனை லிட்டர் பலகை வேண்டும்?

பலகையின் கொள்ளளவை லிட்டரில் குறிப்பார்கள். அதுதான் மிதக்கும் சக்தி. கடல்நீரில் ஒரு லிட்டர் கொள்ளளவு ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையைத் தாங்கும். அப்படியானால் 70 கிலோ ஆளுக்கு 80 லிட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் பலகையின் எடையே 10 கிலோ அளவில் வரும். நனைந்த உடுப்பு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட்டையும் சேர்த்தால் பலகை தண்ணீருக்கடியில் போய்விடும். தேர்ந்தவர் அதன்மேலும் நிற்பார், புதியவரால் முடியாது.

புதிதாக அலைக்கு வருகிறவருக்கு உடல் எடையைப்போல 1.7 முதல் 2 மடங்கு வரையுள்ள லிட்டர் சரியாக இருக்கும். 55 கிலோ என்றால் 95 முதல் 110 லிட்டர். 70 கிலோ என்றால் 120 முதல் 140. 85 கிலோ என்றால் 145 முதல் 170. இரண்டு மடங்கைத் தாண்டினால் நிற்பது இன்னும் சுலபம்தான். ஆனால் நுரைத்து வரும் அலையை எதிர்த்து உள்ளே போகும்போது அந்தப் பருமனே உங்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

லிட்டர் மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் அகலம் குறைந்தால் பலகை ஆடும். 60 கிலோ வரை உள்ளவருக்கு 9 முதல் 9½ அடி நீளமும் 29, 30 அங்குல அகலமும் போதும். 60 முதல் 80 கிலோ உள்ளவர் 9½ முதல் 10½ அடியும் 30 முதல் 32 அங்குலமும் பார்க்கலாம். அதற்கு மேற்பட்டவர் 10 அடிக்குக் குறையாமல், 32 அங்குலமோ சற்றுக் கூடுதலாகவோ எடுப்பது நல்லது. இரண்டு அளவுக்கு நடுவே ஊசலாடினால் பெரியதை எடுங்கள். நம் பக்கத்தில் ஆண்டின் பல மாதங்கள் காற்று அடிப்பதால் தண்ணீர் சலசலத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சலசலப்பில் அகலம் கைகொடுக்கும்.

போட்டிகளில் வீரர்கள் வைத்திருப்பது போன்ற பலகையை வாங்கினால் சீக்கிரம் தேறிவிடலாம் அல்லவா?

எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தியர் ஒருவர் அந்தப் போட்டியில் பெற்ற முதல் தனிநபர் பதக்கம் அது. அவர் ஓட்டியது படுத்துக் கையால் துழாவி அலைபிடிக்கும் சிறிய பலகை. அதன்மேல் நின்று துடுப்புப் போட முடியாது. தேசியப் போட்டிகளில் பலமுறை வென்ற சேகர் பச்சை போன்றவர்கள் துடுப்புப் பந்தயத்தில் ஓட்டுவதோ நீண்டு ஒடுங்கிய பந்தயப் பலகை. இரண்டுமே அலை ஏறப் பழகும் ஒருவருக்கு உதவாது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். சிறிய பலகை வாங்கினால் கடலில் இருக்கும் நேரத்தில் பாதி விழுவதிலும் எழுவதிலும் போய்விடும். பெரிய பலகையில் பத்து அலைக்கு முயன்றால் சிலவாவது கிடைக்கும். அலை கிடைத்தால்தான் கால் மாற்றவும் திரும்பவும் பழக முடியும்.

காற்றடைக்கும் பலகை மலிவு, மடித்துப் பையில் வைக்கலாம் என்கிறார்கள். அதையே வாங்கலாமா?

அமைதியான தண்ணீருக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். உள்ளே ஆயிரக்கணக்கான நூலிழைகள் மேல்தாளையும் கீழ்த்தாளையும் இழுத்துப் பிடித்திருப்பதால், 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றடித்தால் கட்டையைப் போல விறைத்துக்கொள்ளும். மேலே விழுந்தாலும் அடி குறைவு. பேருந்திலேயே கொண்டுபோகலாம்.

அலையில் இரண்டு குறைகள் தெரியும். பெரும்பாலானவற்றின் தடிமன் 6 அங்குலம். விளிம்பு உருண்டையாக இருப்பதால் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கும். அலை தூக்கும்போது நடுவில் லேசாக வளைந்து கொடுக்கும். அதனால் வேகம் குறையும். முழங்கால் உயர அலையில் இது பெரிய விஷயமில்லை. இடுப்பளவு அலை வந்தால் திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. காற்றடைத்த பலகையைத் தூத்துக்குடி வெயிலில் மணலில் போட்டு வைத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தையலையும் ஒட்டையும் சோதிக்கும். கரையேறியதும் நிழலில் வையுங்கள். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

அலைதான் நோக்கம், வைக்க இடமும் இருக்கிறது என்றால் கட்டிப் பலகையே சிறந்தது. அதிலும் மேல்தளம் மெத்தென்ற ஃபோம் வகை கிடைத்தால் புதியவருக்கு நல்லது. தலையில் பட்டாலும் காயம் குறையும்.

பலகைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான ஃபின் எத்தனை இருக்க வேண்டும்?

நடுவில் ஒரு பெரிய ஃபின், இருபுறமும் இரண்டு சிறியவை என்ற அமைப்பு முதல் பலகைக்கு ஏற்றது. நடு ஃபின் பலகையை நேராகப் போகவைக்கும். பக்கத்து ஃபின்கள் அலையில் சரியும்போது வால் பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிக்கும். முத்துநகரில் ஓட்டும் நாளில் சிறியவற்றைக் கழற்றிவிட்டு நடு ஃபினை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே கழற்றி மாட்டும் வகையாகப் பாருங்கள். கற்கள் கிடக்கும் ஆழமில்லாத இடங்கள் இங்கே அதிகம். நிலையாக ஒட்டிய ஃபின் தட்டினால் பலகையின் அடிப்பகுதியையே பெயர்த்துக்கொண்டு வரும்.

துடுப்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? எந்தப் பக்கம் பிடிப்பது?

அமைதியான தண்ணீருக்கு உங்கள் உயரத்தைவிட 8 முதல் 10 அங்குலம் கூடுதல். அலைக்கு 4 முதல் 6 அங்குலம் கூடுதல் போதும். அலையில் முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்பதால் நீளத் துடுப்பு இடைஞ்சல் செய்யும். இரண்டு இடங்களிலும் ஓட்டப்போகிறவர் நீளம் மாற்றக்கூடிய துடுப்பாக வாங்குவதே புத்திசாலித்தனம். அலுமினியம் மலிவு, ஆனால் கனம். ஃபைபர் கிளாஸ் தண்டு உள்ளது நடுத்தரம். முதல் துடுப்புக்குக் கார்பன் தேவையில்லை.

புதியவர்களில் பலர் துடுப்பைத் தலைகீழ்ப் பக்கமாகப் பிடிக்கிறார்கள். துடுப்பின் இலை தண்டிலிருந்து சற்றே வளைந்திருக்கும். அந்த வளைவு உங்களை விட்டு விலகி, பலகையின் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கரண்டியைப்போல உள்ளே வளைந்திருந்தால்தான் தண்ணீரை வாரும் என்று நினைத்துத் திருப்பிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் இழுப்பின் முடிவில் இலை தண்ணீரை மேலே தூக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் வால் அமிழ்ந்து வேகம் போகும். கால் பக்கம் வந்ததும் துடுப்பை எடுத்துவிட வேண்டும்; பின்னால் இழுத்துக்கொண்டே போனால் பலகை திரும்பிவிடும்.

பலகையோடு சுருள் கயிறு ஒன்று தந்தார்கள். அதுவே போதுமா?

அலைக்குப் போதாது. பலகையையும் உங்கள் காலையும் இணைக்கும் கயிறான லீஷ் இரண்டு வகை. தொலைபேசி வயர் போன்ற சுருள் வகை அமைதியான தண்ணீருக்கு. அலை பலகையைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது அந்தச் சுருள் இழுபட்டு, பிறகு விட்டதும் பலகையை நேராக உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். அலைக்கு நேர் லீஷ் தேவை; நீளம் பலகையின் நீளமோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ இருக்க வேண்டும்.

10 அடிப் பலகையும் 10 அடி லீஷும் சேர்ந்தால் நீங்கள் விழும் இடத்திலிருந்து 20 அடிக்கு மேல் பலகை வீசியடிக்கப்படலாம். அந்த வட்டத்துக்குள் குளிப்பவரோ குழந்தையோ இருக்கக் கூடாது. திருச்செந்தூர்க் கோயில் கடற்கரையில் பக்தர்கள் எந்நேரமும் நீராடிக்கொண்டிருப்பார்கள். அலை இருந்தாலும் அது பலகைக்கான இடமல்ல.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடுங்கள். கைவீசத் தடையில்லாத, இடுப்பு உயரத்தில் முடியும் வகை கிடைக்கிறது. நீச்சல் தெரியாதவர் ஜாக்கெட்டை நம்பி அலைக்கு வரக் கூடாது. லீஷ் அறுந்தால் கரைவரை நீந்திவரும் தெம்பு இருக்க வேண்டும். அதுதான் தகுதி, வயது அல்ல.

எந்த மாதங்களில் போகலாம்? காற்றையும் அலையையும் எப்படிக் கணிப்பது?

ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் சாந்தம். நிற்கப் பழகும் காலம். ஏப்ரலுக்குப் பிறகு தெற்கு அலை வலுக்கத் தொடங்கும். தென்மேற்குப் பருவம் பிறந்ததும் மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பும். மலைத்தொடரின் இடைவெளிகள் வழியாக வரும் இந்தக் காற்றை நம்பித்தான் தென்மாவட்டங்களில் காற்றாலைகளே நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பழமொழி இல்லை.

இந்தக் காற்றின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நம் கரை கிழக்கே பார்த்தது. மேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் கரையோரத் தண்ணீர் குளம்போல அடங்கியிருக்கும். அதை நம்பி உள்ளே போனால், நிற்கும் உடம்பே பாயாக மாறி உங்களை வெளிக்கடலுக்கு இழுத்துச் செல்லும். கரைக்குத் திரும்ப முடியவில்லை என்று தெரிந்த நொடியே முட்டிபோட்டு உட்காருங்கள். அப்படியும் முடியாவிட்டால் பலகையில் குப்புறப் படுத்து, துடுப்பை மார்புக்கடியில் வைத்துக் கைகளால் துழாவுங்கள். எந்நிலையிலும் பலகையைக் கைவிட்டு நீந்தக் கூடாது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 என்ற உதவி எண்களைக் கைப்பேசியில் பதிந்து, தண்ணீர் புகாத உறையில் வைத்து, கூடவே எடுத்துப் போங்கள்.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அலை உயரத்தையும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இடைவெளி 5, 6 விநாடி என்றால் அது உள்ளூர்க் காற்று கிளப்பிய சலசலப்பு. 10 விநாடிக்கு மேல் என்றால் தொலைதூரத்து அலை. உயரம் குறைவாக இருந்தால் பழக நல்லது. 15 விநாடியைத் தாண்டினால் சிறிய உயரத்திலும் பெரும் பலம் ஒளிந்திருக்கும். காற்றே இல்லாத நாளில் திடீரெனப் பொங்கும் கள்ளக்கடல் இப்படி வருவதுதான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். எச்சரிக்கை வந்தால் பலகை வீட்டிலேயே இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புயல் சின்னமும் கலங்கிய தண்ணீரும் சேர்ந்து வரும். முதல் பலகையோடு இறங்கும் காலம் அதுவல்ல.

பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு உள்ள இடத்தில் அலை அழகாக உடையும் என்கிறார்கள். தீவுகளுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டே போகலாமா?

இரண்டு விதப் பாரைக் குழப்பிக்கொள்கிறார்கள். முத்துச்சிப்பி விளைந்த பார்கள் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடப்பவை. அங்கே அலை உடையாது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலில் ஒரு வள்ளம் அசையாமல் நின்றால் அதனடியில் ஆள் இருக்கலாம். நன்றாக ஒதுங்கிப் போங்கள்.

அலை உடைவது தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற பவளப்பாறையில். அங்கே போகக் கூடாது. வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி உள்ளிட்ட 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஃபின் ஒருமுறை உரசினாலே பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும். தூத்துக்குடித் தீவுக் கூட்டத்திலேயே விலங்குசல்லி என்ற தீவு கடலுக்குள் மூழ்கிவிட்டது. வான் தீவு கரைந்துபோகாமல் இருக்கச் செயற்கைப் பவளத்திட்டுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். மிச்சமிருப்பதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

துறைமுக எல்லைக்கும் இதே பதில். கப்பல் வரும் பாதையில் பலகையில் நிற்பவரை மாலுமியால் பார்க்கவும் முடியாது, பார்த்தாலும் கப்பலை நிறுத்தவும் முடியாது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலும் உண்டு.

மீனவர் ஊர்களில் எதிர்ப்பு வருமா?

கேட்டுவிட்டு இறங்கினால் எதிர்ப்பைவிட யோசனைதான் அதிகம் வரும். மணப்பாட்டிலோ பெரியதாழையிலோ கடலில் இறங்குமுன் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "அண்ணாச்சி, நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேளுங்கள். நீரோட்டத்தின் திசையும், கல் கிடக்கும் இடமும், வலை போட்டிருக்கும் இடமும் ஒரே பதிலில் கிடைத்துவிடும்.

கரைக்கு வரும் ஃபைபர் வள்ளத்துக்குத்தான் எப்போதும் முதலிடம். அலையோடு சேர்ந்து வேகமாக வரும் வள்ளத்தால் விலக முடியாது. நீங்கள்தான் விலக வேண்டும். கரைவலை இழுக்கும் நேரத்தில் இரு கயிறுகளுக்கு நடுவே போகாதீர்கள். மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் சுற்றிக்கொண்டு போங்கள். ஃபின்னில் வலை சிக்கினால் உங்களுக்கு விளையாட்டு கெடும், அவருக்குப் பிழைப்பு கெடும். மணலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

பழைய பலகை விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? உடைந்தால் வள்ளம் கட்டும் பட்டறையில் சரிசெய்யலாமா?

பழைய கட்டிப் பலகை நல்ல யோசனைதான். மேல்தளத்தில் நிற்கும் இடத்தைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்று கேட்டால் மேல்தோல் உள்ளிருக்கும் ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கிறது. வெடிப்பு இருந்தால் அந்த இடத்தை அழுத்துங்கள். ஓரத்தில் தண்ணீர் கசிந்தாலோ உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட இரண்டு மூன்று கிலோ கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது. ஃபின் பொருத்தும் பெட்டியும் லீஷ் மாட்டும் குமிழும் ஆடாமல் இருக்க வேண்டும்.

பட்டறை விஷயத்தில் கவனம் தேவை. நம் ஊரில் வள்ளம் கட்டுவோர் ஃபைபர் வேலையில் கைதேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். பேடில் போர்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மகோல் இனத்தைச் சேர்ந்த ஃபோம். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். வெடிப்பின் மேல் ஊற்றிய கணத்திலேயே வெள்ளை ஃபோம் குழிந்து உள்வாங்கும். விரலளவு ஓட்டை உள்ளங்கையளவுப் பள்ளமாகிவிடும். எபாக்ஸி ரெசின் வாங்கிக் கொடுத்து, அதைக் கொண்டே செய்யச் சொல்லுங்கள். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் முழுவதும் வடிந்து காய்ந்த பிறகே அடைக்க வேண்டும்.

10 அடிப் பலகையை மணப்பாடு வரை எப்படிக் கொண்டுபோவது? வீட்டில் எங்கே வைப்பது?

காரின் மேல்கம்பியில் அகலப் பட்டையால் கட்டலாம், ஃபின்னைக் கழற்றிவிடுங்கள். நண்பர்கள் சேர்ந்து போனால் ஒரு குட்டியானை வண்டி பேசிக்கொள்வது கட்டுப்படியாகும். திருச்செந்தூர் சாலையில் பக்கக் காற்று பலகையைத் தூக்கப் பார்க்கும் என்பதால் முன்னும் பின்னும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

வீட்டில் நிழலான இடமாகப் பார்த்து வையுங்கள். மூடிய காருக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்தால் உள்ளே காற்று விரிந்து மேல்தோல் உப்பும். பலகையில் காற்றுப்போக்கி இருந்தால் அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பைக் கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும்.

அப்படியானால் இப்போதே ஒன்று வாங்கிவிடலாமா?

உடனே வேண்டாம். முதலில் பயிற்சி தருபவர்களிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். விழாமல் நேராகப் போகவும், நின்ற இடத்திலேயே பலகையைத் திருப்பவும், முட்டிபோட்ட நிலையிலிருந்து நாலைந்து முறை தொடர்ந்து எழுந்து நிற்கவும் முடிகிறதா என்று பாருங்கள். பிறகு சிறிய அலை நாளாகப் பார்த்துப் பயிற்சியாளரோடு தெற்கே போங்கள். அலை வாலைத் தூக்கும்போது துடுப்பை நிறுத்தாமல் இரண்டு இழுப்பு போட்டு, ஒரு காலைப் பின்னுக்கு நகர்த்தி, நிலை தடுமாறாமல் நிற்க வேண்டும். அது பிடித்திருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிடித்திருந்தால், உங்கள் எடைக்கேற்ற லிட்டரில், 10 அடியை ஒட்டிய நீளத்தில், மூக்கு வளைந்த பொதுப் பலகை ஒன்றை வாங்குங்கள். பணத்தில் ஒரு பங்கை நேர் லீஷுக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் முதலிலேயே ஒதுக்குங்கள். மிஞ்சியதைப் பார்த்துப் பலகையின் விலையை முடிவு செய்யுங்கள். பிடிக்கவில்லை, அமைதியான தண்ணீரே போதும் என்று தோன்றினால் காற்றடைக்கும் பலகையே உங்களுக்குச் சரி.